மோ இ ராணாவிலிருந்து வந்த சம்பந்தி

2025 பெப்ரவரி 12, புதன்கிழமை, பின்னேரம் 4.50க்கு வலன்ரைன் மொன்ட்ரியால்-நோரில் அருமைநாதனின் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கினார். 4.55 ஆவதற்குள் மூன்று குறை சொல்லி முடித்திருந்தார். விமான நிலையத்திலிருந்து வந்த நெடுஞ்சாலையில் குழி. வீட்டு வாசலில் பழைய ஸ்னோ அள்ளப்படாமல் கிடக்கிறது. மூன்றாவது, மேல்மாடிக்குப் போகும் இரும்புப் படிக்கட்டு. அது வீட்டுக்கு வெளியே, கூரையில்லாமல், வளைந்து ஏறியது.

“ஸ்னோ கொட்டுற ஊரில படியை வெளியில கட்டின விசரன் ஆர் அண்ணை?”

அருமைநாதன் 2003ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பதினேழு படியில்தான் ஏறி இறங்குகிறார். இரண்டு தரம் விழுந்திருக்கிறார். ஆனால் இந்தக் கேள்வி அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

“இஞ்ச எல்லா வீடும் உப்பிடித்தான்.”

“எல்லாரும் சேர்ந்து பிழை விட்டால் அது சரியோ?”

அருமைநாதன் வலன்ரைனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பெட்டி இருபத்திரண்டு கிலோ. தூக்கியவருக்கு வயது அறுபத்தாறு. பதினொரு இரவு இந்த ஆளோடு இருக்கவேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டும் என்று முந்தைய நாளே மனைவி ஜெயனி சொல்லி வைத்திருந்தாள்.

பல்லைக் கடிப்பதற்குக் காரணம் இருந்தது. அருமைநாதனுக்கும் ஜெயனிக்கும் ஒரே பிள்ளை டிலக்ஷன், மின் பொறியியலாளன். அவன் கட்டப்போகிற பெண் ஷெரோன், வலன்ரைனின் ஒரே மகள். தகப்பனும் மகளும் இருப்பது நோர்வேயின் வடக்கே, மோ இ ராணா என்ற ஊரில். துருவ வட்டத்துக்குச் சற்றுக் கீழே, கடல் கைபோல நிலத்துக்குள் நீண்டு வரும் இடத்தின் நுனியில், உருக்காலைகளை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஊர் அது. வலன்ரைன் அங்கே ஓர் உருக்காலையில் இருபத்தொன்பது வருடம் வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். மனைவி 2022இல் தவறிவிட்டார்.

ஷெரோன் சொன்னது இதுதான்: “அப்பா வந்து பாக்கட்டும். அவர் ஓம் எண்டால் நான் மொன்ட்ரியாலுக்கு வாறன். இல்லையெண்டால் அவரைத் தனிய விட்டிட்டு நான் வரமாட்டன். டிலக்ஷன்தான் இஞ்ச வரவேணும்.”

டிலக்ஷன் அதற்கும் சம்மதித்திருந்தான். அதோடு நிற்கவில்லை. மோ இ ராணாவில் ஒரு வேலைக்கு எழுதிப்போட, அவர்களும் கூப்பிட்டுவிட்டார்கள். வலன்ரைன் இங்கே வந்த அதே கிழமை அவன் அங்கே போயிருந்தான். பெப்ரவரி 24, திங்கட்கிழமைக்குள் அவன் பதில் சொல்லவேண்டும். வலன்ரைன் திரும்பிப் போவது 23ஆம் தேதி. ஆக, பதினொரு நாளுக்குள் இந்த மனிதரின் வாயிலிருந்து ‘ஓம்’ என்ற ஒரு சொல் வரவேண்டும். வராவிட்டால் பிள்ளை போய்விடுவான்.

வியாழக்கிழமை ஸ்னோ கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை வலன்ரைன் வெளியே போக வெளிக்கிட்டார்.

“மைனஸ் இருபது. தொப்பியைப் போடுங்கோ” என்றார் அருமைநாதன், கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு.

வலன்ரைன் யன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானியைக் குனிந்து பார்த்தார். “மைனஸ் பதினொண்டு எல்லோ காட்டுது.”

“காத்தோட சேத்தால் இருபது.”

“ஏன் காத்தைச் சேக்கிறியள்? நாங்கள் குளிரைக் குளிரெண்டும் காத்தைக் காத்தெண்டும்தான் சொல்லுறனாங்கள். முப்பத்தைஞ்சு வருசமா ஒன்பது பாகை கூட்டிச் சொல்லிக்கொண்டோ இருந்தனீங்கள்?”

அருமைநாதனுக்குச் சுருக்கென்றது. ஊரிலிருக்கிற அண்ணனுக்கு, பாரிசிலிருக்கிற மைத்துனனுக்கு, கோயிலில் சாமிக்கு, எல்லோருக்கும் காற்றைச் சேர்த்துத்தான் அவர் குளிர் சொல்லியிருக்கிறார். மைனஸ் நாற்பது என்று 1994இல் வீட்டுக்குக் கடிதம் எழுதியது நினைவுக்கு வந்தது.

“அப்ப உங்கட ஊர்தான் குளிர் கூட எண்டுறியளோ?”

“இல்லை அண்ணை. எங்களுக்குக் கடல் பக்கத்தில. இஞ்சதான் குளிர் கூட. ஆனால் நாங்கள் அட்சரேகை அறுபத்தாறு பாகையில இருக்கிறம். நீங்கள் நாற்பத்தைஞ்சு பாகையில இருந்துகொண்டு உப்பிடிக் குளிருறது என்ன நியாயம்?”

நகரம் குளிர்வதற்கும் தன்னையே குற்றவாளியாக்கியது அருமைநாதனுக்குப் பொறுக்கவில்லை. “அங்க மார்கழியில சூரியனே வராதாமே?” என்று ஒரு குத்துக் குத்தினார்.

“லைற் இருக்கு” என்றார் வலன்ரைன்.

அன்று மத்தியானம் அவர் தொழிற்சாலை பார்க்கவேண்டும் என்றார். மொன்ட்ரியாலும் ஒரு காலத்தில் தொழிற்சாலை நகரம் என்று கேள்விப்பட்டிருக்கிறாராம். அருமைநாதன் யோசிக்காமல், தான் இருபத்தாறு வருடம் வேலை செய்த மட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அது மூடி ஒன்பது வருடம். இப்போது உள்ளே தகரக் கதவு போட்ட சின்னச் சின்ன அறைகள். வீட்டில் இடமில்லாதவர்கள் பழைய சாமான்களை அடுக்கி வைக்க வாடகைக்கு எடுக்கிறார்கள்.

“இதில நான் நிண்டது” என்று அருமைநாதன் ஒரு கதவைக் காட்டினார். 114 என்று எழுதியிருந்தது. “வெட்டுற மெசின் இஞ்ச. ஒரு சிவ்ற்றுக்கு, எட்டு மணித்தியாலத்துக்கு, எண்ணாயிரம் பெட்டி.”

வலன்ரைன் அந்தத் தகரக் கதவைத் தட்டிப் பார்த்தார். “எங்கட ஆலை இப்பவும் ஓடுது. அதின்ர சூட்டைத் தண்ணியில ஏத்தி டவுனுக்கு அனுப்புறாங்கள். என்ட வீட்டுக் குழாயில வாற சூடு நான் வேலை செய்த இடத்துச் சூடு.” பிறகு கதவின் பூட்டை ஆட்டினார். “இந்தப் பூட்டும் பிழை. ஒரு கம்பியால நெம்பினால் வந்திடும்.”

திரும்பி வரும் வழியெல்லாம் வலன்ரைன் பேசிக்கொண்டே வந்தார். பேருந்து நிறுத்தத்தில் சனம் ஸ்னோக் குவியலுக்கு மேலே நிற்பதை, ஒரே வீதியில் ஒன்பது செம்மஞ்சள் கூம்புகள் யாருமில்லாமல் நிற்பதை, ஒரு பாலத்துக்குக் கீழே சீமெந்து பெயர்ந்து கம்பி தெரிவதை, ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று டிலக்ஷன் தொலைபேசியில் வந்தான். “அப்பா, இஞ்ச எல்லாம் நேரத்துக்கு நடக்குது. ஸ்னோ விழுந்து முடிய முந்தி வழிச்சிட்டாங்கள்” என்றான். அவன் குரலில் இருந்த மகிழ்ச்சி அருமைநாதனுக்குப் பிடிக்கவில்லை.

“உங்க வெயில் வாறதோ?” என்றார்.

“பெப்ரவரியில வருதப்பா. நல்ல வெயில்.”

அந்த ஒரு ஆயுதமும் கைவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கொட்டியது. நாலு நாளில் எழுபது சென்ரிமீற்றருக்கு மேல் என்று செய்தியில் சொன்னார்கள். வீதியோரம் நின்ற கார்கள் எல்லாம் மறைந்து, ஒரே அளவான வெள்ளை மேடுகள் வரிசையாய்க் கிடந்தன. கோயிலுக்குப் போகவில்லை. வலன்ரைன் முழுநாளும் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நகரசபையின் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று ஜெயனியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அது வரேக்க வரும் அண்ணை” என்றாள் ஜெயனி.

“அதுக்கு ஒரு நேரமில்லையோ தங்கச்சி?”

“எங்களுக்கு ஆர் சொல்லுறாங்கள்?”

திங்கட்கிழமை காலை 7.35. அருமைநாதன் சாரத்தோடு நின்று பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு வலன்ரைன் வந்தார். மீசையில் பனி, கையில் ஸ்னோ அள்ளுகிற சவள், மூச்சு வாங்கியது.

“அண்ணை! ஓடி வாங்கோ! உங்கட காரை ஒரு பொம்பிளை கொண்டு போறா!”

“என்ன?”

“காலமை ஆறு மணியில இருந்து நான் வெட்டி, கூட்டி, கண்ணாடியெல்லாம் சுரண்டி வைச்சனான். ஒரு பொம்பிளை வந்து என்னைப் பாத்துச் சிரிச்சு, மெர்சி, மெர்சி எண்டு கையைப் பிடிச்சுக் குலுக்கிப்போட்டு, ஏறி ஓட்டிக்கொண்டு போறா! பட்டப்பகலில! கள்ளர் நன்றி சொல்லிப்போட்டுக் களவெடுக்கிற ஊரை நான் இப்பத்தான் காணுறன்!”

அருமைநாதன் சாரத்துக்கு மேலே குளிர் அங்கியைப் போட்டு, வெறுங்காலைச் சப்பாத்துக்குள் நுழைத்துக்கொண்டு பதினேழு படியும் இறங்கினார். வீதியில் ஒரு காரளவு வெற்றிடம் இருந்தது, சதுரமாய், தரை தெரிய. அதற்குப் பின்னால், மற்ற மேடுகளை விட இரண்டு மடங்கு உயரமாக ஒரு மலை நின்றது.

அவர் அந்த வெற்றிடத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வலன்ரைன்.”

“சொல்லுங்கோ அண்ணை, பொலிசுக்கு அடிப்பமோ?”

“நீங்கள் வெட்டினது மடாம் ஜோசெப்பின்ர கார். கீழ்வீட்டு மனிசி. ஆசுப்பத்திரியில வேலை. எட்டு மணிக்கு நிக்கவேணும்.”

“அப்ப உங்கட கார்?”

அருமைநாதன் மலையைக் காட்டினார். மடாம் ஜோசெப்பின் காரிலிருந்து ஒன்றரை மணித்தியாலமாக அள்ளிய ஸ்னோ முழுவதையும் வலன்ரைன் அதன் மேல்தான் போட்டிருந்தார். ஒழுங்காக, தட்டி, பக்கங்களைச் சவளின் முதுகால் மட்டம் பார்த்து.

வலன்ரைன் சவளின் முதுகால் மலையின் ஒரு மூலையைத் தட்டினார். பிறகு சொன்னார்: “ஒவ்வொரு வீட்டுக்கும் கார் விட ஒரு இடம் ஒதுக்கியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.”

அன்று பின்னேரம் 4.20க்கு மடாம் ஜோசெப் ஒரு தட்டில் எட்டுப் பற்றீசோடு படியேறி வந்தார். ஹெயிட்டிக்காரருடைய பற்றீஸ், உள்ளே காரமான இறைச்சி. வலன்ரைனுக்குப் பிரெஞ்சு தெரியாது. மடாமுக்கு நோர்வே மொழி தெரியாது. இருவரும் பத்து நிமிடம் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். அருமைநாதன் ஒரு பற்றீசைத் தின்றபடி தன் மலையை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வீதியில் செம்மஞ்சள் பலகை நட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஏழு முதல் மாலை ஏழு வரை ஸ்னோ அள்ளுவார்கள். அதற்குள் காரை எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய் வேறு ஏதோ தெருவில் விட்டுவிடுவார்கள். தண்டமும் எழுதுவார்கள். இரவுக் குளிரில் மலை இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு சவளோடு இறங்கினார்கள்.

மூன்று மணித்தியாலம் கொத்தினார்கள். அந்த மூன்று மணித்தியாலமும் வலன்ரைனின் வாய் ஓயவில்லை. மோ இ ராணாவில் சவளின் பிடி இதைவிட நீளம். மோ இ ராணாவில் உப்புப் போட்டுக் காரை அரிக்க விடுவதில்லை, மணல்தான். மோ இ ராணாவில் காரைத் தேடித் தெருத்தெருவாய் அலைந்த மனிதனை அவர் கண்டதில்லை.

“ஏனண்ணை காரை இழுத்துக்கொண்டு போய்ச் சொல்லாமல் வேற தெருவில விடுறாங்கள்? ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டோ?”

அருமைநாதனின் சவள் பனிக்கட்டியில் பட்டு முறிந்தது. பிடி அவர் கையில் நிற்க, தகடு காருக்கடியில் வழுக்கிக்கொண்டு போனது.

“பாத்தீங்களோ, நான் சொன்னன் பிடி பிழையெண்டு” என்றார் வலன்ரைன்.

“எடுங்கோ!” என்று அருமைநாதன் கத்தினார். எதிர்வீட்டு யன்னலில் ஒரு திரை விலகியது. “உங்கட ஊர் அவ்வளவு திறமெண்டால் உங்கட பிள்ளையை அங்கயே வைச்சிருங்கோ! என்ட பிள்ளையையும் சேத்து எடுங்கோ! அவனுக்கும் அங்க வெயில் நல்லா இருக்காம்! சூடும் குழாயில வருதாம்! நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இந்தப் பிழையான படியில விழுந்து சாகிறம்!”

வலன்ரைன் குனிந்து, முறிந்த தகட்டைக் காருக்கடியிலிருந்து எடுத்து, சுவரோரம் சாத்தி வைத்துவிட்டுத் தன் சவளால் மிச்சத்தை வெட்டினார். அதன் பிறகு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

காரை எடுத்துப் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு வந்த அருமைநாதனை ஜெயனி குசினிக்குள் பிடித்துக்கொண்டாள்.

“என்ன சொன்னனீங்கள்? பிள்ளையை எடுங்கோ எண்டோ?”

“வாயில வந்திட்டுது.”

“உங்கட வாயில முப்பத்தாறு வருசமா ஒண்டும் வரேல்லை. ஒரு தரம் வந்தது, அதுவும் அந்தாளுக்கு முன்னால! இன்னும் அஞ்சு நாள் கிடக்கு. போய்க் கதையுங்கோ.”

“என்னத்தைக் கதைக்க? அந்தாள் எங்கட ஊரில ஒரு நல்லதையாவது கண்டவரோ? அவர் ஓம் சொல்லமாட்டார் ஜெயனி. வந்த அண்டே முடிவெடுத்திட்டார்.”

“அப்ப பெடியன் போறானோ?”

ஜெயனி சொதியை இறக்கி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வலன்ரைன் இடியப்பத்தைப் பேசாமல் சாப்பிட்டார். சொதியில் உப்புக் குறைவு, அதைக்கூடச் சொல்லவில்லை. குறை சொன்னபோது வந்த எரிச்சலைவிட, இந்த மௌனம் அருமைநாதனை அதிகம் வதைத்தது. படுக்கையில் புரண்டு புரண்டு, மன்னிப்புக் கேட்க ஒரு வசனத்தைக் கட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் அது சண்டையாகவே முடிந்தது.

புதன்கிழமை காலை 9.10க்கு, காரை எடுக்கச் சொல்லும் இழுவை வண்டியின் சைரன் கேட்டது. வலன்ரைன் எழுந்து, அங்கியை மாட்டிக்கொண்டு, பல்கனியில் போய் நின்றார். ஜெயனி ஒரு கோப்பைத் தேத்தண்ணியை அருமைநாதனின் கையில் திணித்து, கண்ணால் வெளியே காட்டினாள். அவர் கொண்டுபோனார்.

கீழே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. முதலில் இழுவை வண்டி, மறந்துபோன ஒரு காரைத் தூக்கிக்கொண்டு. பிறகு நடைபாதையை வழிக்கிற குட்டி வண்டி. பிறகு நீண்ட தகடு வைத்த பெரிய வண்டி, இரண்டு பக்கத்து ஸ்னோவையும் நடுவே ஒதுக்கிக்கொண்டு. கடைசியாக அதை விழுங்கி, குழாயால் பக்கத்தில் ஓடும் லொறிக்குள் துப்புகிற இயந்திரம். ஒரு லொறி நிரம்ப, ஒரு கணமும் நிற்காமல் அடுத்த லொறி அந்த இடத்துக்கு வந்தது.

வலன்ரைன் தேத்தண்ணியை வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை. “எத்தனை லொறி அண்ணை?”

“ஒரு தெருவுக்குப் பத்துப் பதினைஞ்சு வரும்.”

“இந்தளவு சனமுள்ள ஊரில, இந்தளவு ஸ்னோவை, இப்பிடித் தூக்கிக்கொண்டு போறதை நான் ஒரு இடத்திலயும் காணேல்லை.”

அருமைநாதன் திரும்பிப் பார்த்தார். ஏழு நாளில் அந்த மனிதரின் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

“இதை முந்தியே சொல்லியிருக்கலாமே?”

“நல்லா ஓடுறதை ஏன் சொல்ல?” வலன்ரைனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. “ஆலையில சிவ்ற் முடிஞ்சு போகேக்க, அடுத்த ஆளுக்கு எழுதி வைச்சிட்டுப் போகவேணும். எது பழுது, எது கசியுது, எது சூடு கூட. ஓடுறதை எழுதுறேல்லை, வாசிக்கிறவனுக்கு நேரம் மினக்கேடு. இருபத்தொன்பது வருசம். வாய் அப்பிடியே பழகிப்போச்சு. என்ட மனிசி மேரியும் ஏசுறவ, அவவின்ர கறியைப் பற்றி நான் உப்பை மட்டும்தான் கதைக்கிறனெண்டு.”

“அப்ப உங்கட ஊரைப் பற்றி எல்லாம் நல்லதாய்த்தானே சொன்னனீங்கள்?”

“அங்க எழுதி வைக்க ஒண்டுமில்லை அண்ணை.” அவர் கோப்பையைப் பல்கனிக் கம்பியில் வைத்தார். “காலமை எழும்ப ஸ்னோ வழிச்சுக் கிடக்கும். சூடு குழாயில வரும். பஸ் நேரத்துக்கு வரும். மார்கழியில பத்து மணிக்கு ஒரு வெளிச்சம் வந்து ரெண்டு மணிக்குப் போகும். நான் யன்னலடியில நிண்டு அது வாறதையும் போறதையும் பாப்பன். ஒருத்தருக்கும் என்னால ஒரு வேலையும் இல்லை. இஞ்ச ஒரு காரைத்தான் வெட்டினன், அதுவும் பிழையான கார், பற்றீஸ் வந்தது.”

கீழே லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. வலன்ரைன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“பிள்ளை வரட்டும். இஞ்ச இருக்கட்டும். நான் ஓம் எண்டு வந்து ரெண்டாம் நாளே ஷெரோனுக்குச் சொல்லிப்போட்டன்.”

“ரெண்டாம் நாளோ?”

“வியாழக்கிழமை. அண்டைக்குக் கொட்டின ஸ்னோவைப் பாத்த உடனயே இஞ்ச வேலை கிடக்கெண்டு விளங்கிட்டுது. ஏன், அவள் உங்களுக்குச் சொல்லேல்லையோ?”

அருமைநாதனுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெளியே வராமல் நின்றன. ஆறு நாள். ஆறு நாள் அவர் பல்லைக் கடித்திருக்கிறார். ஒரு சவள் முறிந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெயனி ஓடிவந்து, “அண்ணை, இருங்கோ, உள்ள வாங்கோ, ஏன் குளிருக்கை நிக்கிறியள்” என்று வலன்ரைனின் கையைப் பிடித்தாள். அப்படியே திரும்பி டிலக்ஷனுக்கு அழைத்தாள். தொலைபேசிக்குள் அவன் கூவியது பல்கனி வரை கேட்டது. ஷெரோனிடம் கேட்டால், அப்பா தன் வாயாலேயே சொல்லட்டும் என்று இருந்தாளாம்.

எல்லோரும் மேசையில் இருந்தார்கள். ஜெயனி முட்டை பொரித்தாள். வலன்ரைன் இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“அண்ணை, எனக்கும் ஆறு மாதம் இஞ்ச நிக்க விசா தேவையில்லையாம். ஷெரோன் பாத்துச் சொன்னவள். வருசா வருசம் வரலாம் எண்டு யோசிக்கிறன். கார்த்திகையில வந்தால் சித்திரை மட்டும். உங்களுக்கு ஸ்னோ வெட்ட ஆளாச்சு. படிக்கட்டுக்கும் ஒரு கூரை அடிச்சுப் பாக்கலாம்.”

அருமைநாதன் மனதுக்குள் கார்த்திகை முதல் சித்திரை வரை எண்ணினார். ஜெயனி மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள்.

“வாங்கோ, வாங்கோ” என்றார் அவர். “ஆனால் மாரியில வந்து ஏன் கஷ்டப்படுறியள்? கோடையில வாங்கோ. யூலையில வந்தால் நல்ல வெயில்.”

“யூலையில இஞ்ச எனக்கு என்ன வேலை? ஸ்னோவும் இல்லை.”

“வேலையோ? யூலையில ஒரு வீதியாலயும் போக ஏலாது. ஊர் முழுக்கக் கிண்டிப் போட்டிருப்பாங்கள். குழாய் மாத்திறம், பாலம் கட்டுறம் எண்டு. ஒரு கிடங்கை மூடினால் பக்கத்தில இன்னொண்டைக் கிண்டுவாங்கள்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் வலன்ரைனின் முகத்தைப் பார்த்தார். ஏழு நாளில் அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் கண்டதில்லை.

“ஊர் முழுக்கவோ அண்ணை?” என்று கேட்டபடி வலன்ரைன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.